குளிர்ந்ததும் கலங்கும் தேநீர்

பால் சேர்க்காமல் தேநீர் போட்டு, வடிகட்டி, ஆறவிட்டு, இரவில் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். வைக்கும்போது பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பொருள் தெரிகிற அளவுக்குத் தெளிவாக, செம்பொன் நிறத்தில் இருக்கிறது. மறுநாள் மதியம் எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம் என்று எடுத்தால், பழுப்பேறிக் கலங்கி நிற்கிறது. இடையில் யாரும் பாட்டிலைத் திறக்கவில்லை. பால் ஒரு சொட்டும் படவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் கலங்கல்?

கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். கலங்கிய தேநீரில் அரை டம்ளரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதிக்க வேண்டியதில்லை, விரல் பொறுக்காத சூடு வந்தாலே போதும். கலங்கல் மறைந்து, முதல் நாள் பார்த்த அதே தெளிந்த தேநீர் திரும்பிவிடும். மறுபடி குளிரவைத்தால் மறுபடி கலங்கும்.

இந்தச் சின்னச் சோதனை இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறது. வடிகட்டிக்குத் தப்பிய தூள் என்றால் சூட்டில் மறைந்திருக்காது. கிருமி பெருகிக் கெட்டிருந்தாலும் சூடாக்கியவுடன் தெளிந்திருக்காது. ஆக, கலங்கவைத்த பொருள் முன்பே தேநீரில் கரைந்துதான் இருந்தது. குளிர் வந்ததும் கரைசலை விட்டு வெளியே வந்திருக்கிறது. வெந்நீர் இலையிலிருந்து வாங்கிக்கொண்ட அத்தனையையும், ஆறிய பிறகு அதே தண்ணீரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. நல்ல ஐஸ் டீ போடும் வழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையிலிருந்து பிறப்பவை.

இலையிலிருந்து இறங்குபவை

தேயிலையில் வெந்நீரை ஊற்றியதும் நூற்றுக்கணக்கான பொருள்கள் நீரில் இறங்குகின்றன. நம் கதைக்கு அவற்றில் இரண்டு குடும்பங்கள் போதும்.

முதலாவது கஃபீன். காப்பியில் இருக்கும் அதே பொருள். நிறம் கிடையாது, கசப்பு உண்டு. 1819இல் ஜெர்மனியின் ரூங்கே அதைக் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். பின்னர் தேயிலையில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டு வேறு பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றே என்பது 1838இல் தெளிவாயிற்று.

இரண்டாவது பாலிஃபீனால்கள். தேநீரின் துவர்ப்பு இவற்றின் வேலை. எச்சிலில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. பாலிஃபீனால்கள் அவற்றைப் பற்றி இழுத்துத் திரளவைக்கின்றன. வழவழப்பு போய் நாக்கு வறண்ட உணர்வு வருகிறது. நாம் துவர்ப்பு என்பது இதைத்தான். பச்சைத் தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால்களில் முக்கியமானவை நிறமற்ற கேட்டச்சின்கள். தொழிற்சாலையில் இலையை நசுக்கிக் காற்றுப்பட வைக்கும்போது, இலையிலேயே இருக்கும் நொதி அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. அப்போது பிறப்பவை பொன்னிறமான தியாஃபிளேவின்களும், செம்பழுப்பு நிறமான தியாரூபிகின்களும். நாம் பார்க்கும் தேநீர் நிறம் இவை இரண்டும் சேர்ந்த கலவை.

வெளியே வந்தது எது?

கலங்கிய தேநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி செல்லும் பாதை நீருக்குள் ஒரு கோடாகத் துலங்கும். சூடான, தெளிந்த தேநீரில் அந்தக் கோடு மிக மங்கலாகவே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டின்டால் ஆராய்ந்த ஒளிச்சிதறல் இது. தனித்தனி மூலக்கூறுகள் ஒளியைக் கண்ணுக்குத் தெரியும்படி சிதறடிக்க மாட்டா. அவற்றின் திரள்கள் சிதறடிக்கும். ஆகவே குளிர்ந்த தேநீருக்குள் மூலக்கூறுகள் கூட்டம் கூடியிருக்கின்றன. ஆனால் உடனே அடியில் படிகிற அளவுக்குப் பெரிய கூட்டமில்லை. கரைசலுக்கும் படிவுக்கும் இடைப்பட்ட இந்த நிலையைக் கூழ்மம் என்கிறோம்.

கூட்டத்தில் இருப்பவர்கள் யார்? கலங்கிய தேநீரை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்தால் திரள்கள் அடியில் சேரும். அதைத் தனியே எடுத்துப் பகுத்துப் பார்க்கலாம். தேயிலை வேதியியலில் முன்னோடியான ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் இதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். படிவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தியாரூபிகின். மீதியில் தியாஃபிளேவினும் கஃபீனும் கிட்டத்தட்டச் சரிபாதி.

பாலிஃபீனால் வெளியே வந்தது சரி, கஃபீன் ஏன் வந்தது? இங்கேதான் புதிர் சுவையாகிறது. கொதிநிலையை ஒட்டி 100 மில்லி தண்ணீர் 60 கிராமுக்கு மேல் கஃபீனைக் கரைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் அது 2 கிராமாகச் சரிந்துவிடும். ஒரு பொருளை நீர் எவ்வளவு ஏற்கும் என்பதைக் கரைதிறன் என்கிறோம். கஃபீனின் கரைதிறன் குளிரில் இப்படி விழுகிறது. இதைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஒரு டம்ளர் தேநீரில் இருக்கும் கஃபீன் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஃப்ரிட்ஜின் குளிரிலும் அதைக் கரைத்து வைத்திருக்கத் தண்ணீரில் தாராளமாக இடமிருக்கிறது. தனியாக இருந்திருந்தால் கஃபீன் வெளியே வந்திருக்காது. யாரோ அதை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கஃபீன் நீக்கிய தேநீரைக் குளிரவைத்தபோது கலங்கல் குறைந்தது; கூட்டுச் சதி அதில் உறுதிப்பட்டது. அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் முறையால் கரைசலுக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படி நெருங்குகின்றன என்று பார்க்கமுடிந்தபோது விவரமும் தெரிந்தது. கஃபீன் மூலக்கூறு தட்டையானது. பாலிஃபீனால்களிலும் தட்டையான வளையங்கள் உண்டு. இரண்டும் முகத்தோடு முகம் பதித்து அடுக்கிக்கொள்கின்றன. காற்றின் ஈரம் ஏறிய அப்பளங்கள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நினைத்துக்கொள்ளலாம். நீரை அதிகம் விரும்பாத அந்தத் தட்டைமுகங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்போது, அடுக்கு முழுவதற்கும் நீரோடு உள்ள பிடிப்பு குறைகிறது. சூட்டில் மூலக்கூறுகள் துள்ளிக்கொண்டே இருப்பதால் அடுக்குகள் நிலைப்பதில்லை. குளிரக் குளிரத் துள்ளல் அடங்கி, அடுக்கின்மேல் அடுக்கு சேர்ந்து, ஒளியைச் சிதறடிக்கும் திரளாகிவிடுகிறது.

தேநீரைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் இந்தக் கலங்கலைக் குறையாக நினைப்பதில்லை. கோப்பை ஆறும்போது செழுமையாகக் கலங்கினால், சாரமும் கஃபீனும் நிறைந்த தேயிலை என்று மதிப்பார்கள். கலங்கிய ஐஸ் டீயைத் தயங்காமல் குடிக்கலாம். ஆனாலும் தெளிந்த டம்ளரில் வெயில் பட்டு மின்னும் தேநீருக்கு ஓர் அழகு உண்டு. காரணம் தெரிந்துவிட்டதால் அதைப் பெறும் வழிகளும் தெரிந்துவிட்டன.

எந்த இலை, எந்தத் தண்ணீர்

முதலில் இலை. நம் வீடுகளில் பால் டீக்கு வாங்கும் டஸ்ட் டீத்தூள் மிக நுண்ணியது. அதன் சாரம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுசாக இறங்கிவிடும். பாலின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் பால் டீயில் அந்தக் கடுமை பொருந்திப்போகிறது. பால் இல்லாத ஐஸ் டீயில் அதைத் தாங்க யாருமில்லை. பெரிய இலையாக இருந்தால் சாரம் மெதுவாக இறங்கும். எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கும். அசாம் தேநீர் குளிர்ந்தால் அடர்த்தியாகக் கலங்கக்கூடியது. நீலகிரியின் இலைத் தேயிலையோ ஆறினாலும் தெளிவாக நிற்பதற்குப் பெயர்பெற்றது. ஐஸ் டீக் கலவைகளுக்காக அதை வெளிநாடுகளில் விரும்பி வாங்குகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் விளைவது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. கோடைக்கு ஒரு பொட்டலம் தனியாக வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

அடுத்து தண்ணீர். போர்வெல் நீரில் கால்சியம் அதிகம். அதைக் கடின நீர் என்கிறோம். கால்சியம் பாலிஃபீனால்களை ஒன்றோடொன்று பிணைக்க உதவுவதால் கலங்கல் கூடும். கடின நீரில் போட்ட தேநீரின் மேற்பரப்பில் மெல்லிய ஆடை படர்வதையும் பார்த்திருப்பீர்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் அவருடைய சகாவும் 1993இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆடையைப் பற்றி எழுதினார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால்தான் ஆடை உருவாகிறது என்றும், அமிலம் சேர்த்தால் அது உருவாவதில்லை என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே ஐஸ் டீக்கு ஆர்.ஓ. நீரோ கேன் தண்ணீரோ நல்லது.

பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தல்

வெந்நீர் வாங்கியதைக் குளிர்நீரால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதானே சிக்கல்? தொடக்கத்திலிருந்தே குளிர்நீரில் ஊறவைத்தால் என்ன? குளிர்நீர் தன்னால் தாங்கக்கூடியதை மட்டுமே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். கஃபீன் குறைவாக இறங்கும். துவர்க்கவும் கலங்கவும் வைக்கும் பாலிஃபீனால்களும் குறைவாக இறங்கும். தேநீருக்கு மெல்லிய இனிமையான சாரத்தைத் தரும் அமினோ அமிலங்களோ குளிரிலும் எளிதில் கரைந்துவிடுகின்றன. விளைவாகக் கிடைப்பது கசப்பும் துவர்ப்பும் அடங்கிய, தெளிந்த தேநீர்.

செய்முறை எளிது. கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 10 முதல் 12 கிராம் இலைத்தூளைப் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டினால் போதும். காலையில் ஊறவைத்தால் மாலைக்குத் தயார். பச்சைத் தேயிலைக்கும் இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். ஊறவைப்பது ஃப்ரிட்ஜுக்குள்தான் நடக்கவேண்டும். அமெரிக்காவில் கண்ணாடி ஜாடியை வெயிலில் வைத்துத் தேநீர் இறக்கும் பழக்கம் இருந்தது. நம் மொட்டைமாடி வெயிலைப் பார்த்தால் நமக்கும் அந்த ஆசை வரும். ஆனால் வெயிலில் ஜாடி நீர் பெரும்பாலும் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. இலையில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதாது. வெதுவெதுப்பாக இருக்கும் நேரங்களில் அவை வளர்வதற்கோ தோதானது. கொதிநீரில் போட்ட தேநீரானாலும் ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விடவேண்டும், ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடவேண்டும். ஊற்றும்போது நூல்போல இழுபட்டாலோ, சூடாக்கியும் கலங்கல் தெளியாவிட்டாலோ அது வேறு விஷயம். அப்போது யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஐஸ் கட்டியின் கணக்கு

விருந்தாளி வாசலில் நிற்கும்போது எட்டு மணி நேரம் காத்திருக்க முடியாது. சூடான தேநீரை நேரே ஐஸ் கட்டிகள்மேல் ஊற்றவேண்டியதுதான். எவ்வளவு ஐஸ் உருகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க ஒரு கலோரி வெப்பத்தை அதிலிருந்து எடுக்கவேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வளவையும் வாங்கிக்கொண்டும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. உருகும் வேலைக்கே எல்லாம் செலவாகிவிடுகிறது. 1760களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் இதைக் கவனித்து விளக்கினார். உள்ளுறை வெப்பம் என்று நாம் பள்ளியில் படித்தது இதுதான்.

இப்போது 90 டிகிரியில் இருக்கும் 200 மில்லி தேநீரை 5 டிகிரிக்குக் கொண்டுவரவேண்டும். இறக்கவேண்டியது 85 டிகிரி. ஒவ்வொரு கிராம் ஐஸும் உருக 80 கலோரி, உருகிய நீர் 5 டிகிரிக்கு ஏற இன்னொரு 5 கலோரி, ஆக 85 கலோரி எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்துகிறது. 200 கிராம் தேநீருக்கு 200 கிராம் ஐஸ் உருகும். டம்ளரில் பாதி வெறும் தண்ணீர்! அவசர ஐஸ் டீ சப்பென்று இருப்பதன் காரணம் இதுவே.

அதே தேநீரை முதலில் 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 60 கிராம் ஐஸே போதும். ஆறவிட நேரமில்லையென்றால் தூளை இரண்டு மடங்காகப் போடவேண்டும். 200 மில்லி நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு தேக்கரண்டி இலைத்தூளைப் போட்டு மூடி, நான்கைந்து நிமிடத்தில் வடிகட்டி, 200 கிராம் ஐஸ்மேல் ஊற்றுங்கள். தூளைப் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். வடிகட்டியில் தங்கிய இலையைப் பிழியவும் வேண்டாம். இரண்டும் கலங்கவைக்கும் சரக்கைக் கூட்டிவிடும். இந்த அடர்ந்த டிகாக்‌ஷனை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வெகுவாகக் கலங்கும். ஐஸ்மேல் ஊற்றும்போது குளிர்வதும் நீர்ப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் கலங்கல் கட்டுக்குள் நிற்கிறது.

சர்க்கரையும் எலுமிச்சையும்

குளிர்ந்த தேநீரில் சர்க்கரை போட்டால் அடியிலேயே தங்கிவிடுகிறது. குளிர்நீர் சர்க்கரையை ஏற்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 100 கிராம் பனிநீர்கூட சுமார் 180 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். இடம் இருக்கிறது, வேகம்தான் இல்லை. குளிரில் கரைவது மெதுவாக நடக்கிறது. கரைந்த சர்க்கரைநீரும் கனம் காரணமாக அடியிலேயே தேங்கி, புதுத்தண்ணீர் சர்க்கரையைத் தொடவிடாமல் மறைக்கிறது. சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுவது ஒரு வழி. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, கம்பிப்பதம் வருமுன் இறக்கி வைத்துக்கொள்வது இன்னொரு வழி. வீட்டில் நன்னாரி சர்பத் இருந்தால் அதுவே கரைத்துவைத்த இனிப்புதான்.

சூடான தேநீருக்குப் போதுமான சர்க்கரை ஐஸ் டீக்குப் போதாது என்பதையும் கவனித்திருப்பீர்கள். நாக்கின் சுவை செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதவாயில் உண்டு. இனிப்பு உணர்வை நரம்புக்கு எட்டச்செய்வதில் அதற்குப் பங்கு உண்டு. வெப்பம் 15 டிகிரியிலிருந்து 35க்கு ஏறும்போது அதன் செயல்பாடு வெகுவாகக் கூடுகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். குளிர்ந்த நாக்கில் அது அடங்கிப்போவதால் இனிப்பு மந்தமாகிறது. ஐஸ் டீ நம்மை அறியாமல் அதிகச் சர்க்கரையைக் குடிக்கவைக்கும் என்பதையும் இதிலிருந்து உணரவேண்டும்.

எலுமிச்சை பிழிந்ததும் தேநீரின் நிறம் வெளுக்கிறது. தண்ணீர் சேர்ந்ததால் வந்த வெளுப்பு அன்று அது. நாலு சொட்டுக்கே மாறிவிடும். தியாரூபிகின்கள் மென்மையான அமிலங்கள். அவை ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்த நிலையில் கருஞ்சிவப்பாகவும், திரும்பப் பெற்ற நிலையில் வெளிர்மஞ்சளாகவும் தெரிகின்றன. எலுமிச்சையின் அமிலம் அயனிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இன்னொரு டம்ளர் தேநீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் எதிர்மாறாக நிறம் கறுக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஐஸ் டீயின் கடுமையைக் குறைக்க ஒரு சிட்டிகை சோடா சேர்க்கும் வழக்கம் உண்டு. அளவு மீறினால் சோப்பு வாடை வந்துவிடும்.

ஐஸ் டீ எப்படிப் பிறந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலையை விற்க நின்ற ரிச்சர்ட் பிளெச்சின்டன், சூடான தேநீரை யாரும் சீண்டாததால் ஐஸைச் சேர்த்து ஐஸ் டீயைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அவர் அதைப் பிரபலமாக்கியிருக்கலாம். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1879இல், வர்ஜீனியாவின் மேரியன் கேபெல் டைரி தொகுத்த சமையல் நூலில் செய்முறை அச்சாகியிருக்கிறது. பச்சைத் தேயிலையைக் காலையிலேயே வெந்நீரில் ஊறவைத்து, கலக்காமல் வடித்து, மாலைவரை வைத்து, அடியில் தங்கிய மண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் ஐஸ்மேல் ஊற்றச் சொல்கிறது அது. எலுமிச்சை துவர்ப்பைச் சரிசெய்யும் என்றும் குறிப்பிடுகிறது. ஆய்வகம் காரணத்தைச் சொல்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சமையலறையில் நின்ற பெண்கள் கண்ணாலும் நாக்காலும் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் செய்ததும் அறிவியல்தான்.

கோடை விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் ஒரு சோதனையை ஒப்படைக்கலாம். ஒரே தூள், ஒரே அளவு, மூன்று பாட்டில்கள். ஒன்றில் கேன் தண்ணீரில் கொதிக்கவைத்துப் போட்ட தேநீர், இன்னொன்றில் போர்வெல் நீரில் அதேபோலப் போட்டது, மூன்றாவதில் கேன் தண்ணீரைச் சூடாக்காமல் ஊறவைத்தது. மூன்றையும் ஒரே இரவு ஃப்ரிட்ஜில் வைக்கட்டும். எது அதிகம் கலங்கும், எது தெளிவாக நிற்கும் என்று காரணத்தோடு முதலிலேயே ஒரு தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள். மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்துத் தாளோடு ஒப்பிடட்டும். எழுதியதும் பார்த்ததும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. அடுத்து என்ன சோதிக்கலாம் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.